100 + 10% = 110-ஆ, 100.1-ஆ, 111.11-ஆ?

அக்டோபர் 3 (கேள்வி)

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். 100 + 10% என்றால் 110. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போனில் 110 வருகிறது. எக்செலில் 100.1 வருகிறது. கல்லாவில் இருக்கும் கேசியோவில் 111.11 வருகிறது. பின் இரண்டையும் செய்தவர்களுக்குக் கணக்கு வராது என்று நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அக்டோபர் 3, இரவு

கடைகளுக்கு பில் புரோகிராம் எழுதுபவன் நான், மறுக்கிறேன். மூன்று பேருக்கும் கணக்கு நன்றாகவே வரும். மூவரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எக்செலில் % என்பது எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு செயற்குறி. முன்னால் இருப்பதை நூறால் வகுக்கும், வேறு வேலை செய்யாது. 10% என்றால் 0.1. அதை நூறோடு கூட்டினால் 100.1. முன்னுரிமையில் அடுக்குக்குறியைவிட மேலே உட்கார்ந்திருப்பதால் 2^50% என்று அடித்தால் இரண்டின் வர்க்கமூலம் 1.414 வரும். எழுதினபடி படிப்பது அதன் குணம். அக்கம்பக்கம் பார்க்காது.

போன், இடப்பக்கம் நிற்கும் 100-ஐப் பார்த்து, "அதில் 10 சதவீதம்" என்று எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் மனதில் இருப்பதும் இதுதான்.

கேசியோதான் சுவாரசியமானது. அதன் சில மேசை மாடல்களில் + போட்டு % அழுத்தினால் அது விலை வைக்கும் கணக்கு. அடக்கவிலை 100. விற்கும் விலையில் 10 சதவீதம் லாபமாக நிற்க வேண்டும். என்ன விலை போடலாம்? 100 ÷ 0.9 = 111.11. அதில் 10 சதவீதம் 11.11, அது போக 100. சுத்தமான கணக்கு. உங்களைப் போன்ற வியாபாரிக்காகவே செய்ததை வியாபாரியே திட்டுகிறார். 110 வேண்டுமென்றால் அந்த மெஷினில் 100 × 10 % அழுத்திவிட்டு + அழுத்துங்கள்.

அக்டோபர் 4

தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் தம்பி தன் அறிவியல் கால்குலேட்டரில் 100.1 வருவதாகவும், அவர் அக்காவின் பழைய கால்குலேட்டரில் 1100 வருவதாகவும் எழுதியிருக்கிறார். அக்காவுடையது பழுது என்கிறார். பழுதெல்லாம் இல்லை தம்பி, பத்திரமாக வைத்திருங்கள்.

கேசியோ எஃப்எக்ஸ் வரிசையில் எம்எஸ் என்று முடியும் மாடல்களில் % ஒரு தனி உலகம். 1500 × 12 % என்றால் 180. 660 ÷ 880 % என்றால் 75, அதாவது 880-இல் 660 எத்தனை சதவீதம் என்பது. 46 − 40 % என்றால் 15. நாற்பது நாற்பத்தாறானால் ஏற்றம் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை. 300 + 500 % என்றால் 160. ஐந்நூறு கிராம் இருந்ததோடு முந்நூறு சேர்த்தால் பழைய எடையில் எத்தனை சதவீதம் என்பது. கூட்டி, வலப்பக்க எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கு. இதே விதியில் 100 + 10 % போட்டால் 110 ÷ 10 × 100. அக்காவின் 1100 வந்த வழி இதுதான்.

பின்னால் வந்த இஎஸ் மாடல்களில் கோவையை, அதாவது எண்ணும் குறியும் சேர்ந்த முழுக் கணக்கை, புத்தகத்தில் இருப்பதுபோலவே காட்டுகிறார்கள். அதோடு % எக்செல் மாதிரி வெறும் நூறால் வகுக்கும் குறியாகிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஒரே பொத்தான். பாத்திரக்கடைக்காரர் அடுத்த கேள்விக்குத் தயாராகிறார் என்று தெரிகிறது.

அக்டோபர் 4, இரவு

"ஏன் ஆளாளுக்கு ஒன்று?" என்று கேட்டிருக்கிறார். தயாராகத்தான் இருந்திருக்கிறார்.

பழைய நான்கு செயல் கால்குலேட்டருக்குக் கோவை என்ற ஒன்றே தெரியாது. அதன் கையில் இருப்பவை மூன்று: இதுவரை சேர்ந்த தொகை, காத்திருக்கும் செயல், திரையில் இருக்கும் எண். 100 அடித்து + அழுத்தி 10 அடித்து % அழுத்தும் அந்த நொடியில் தொகை 100, செயல் கூட்டல் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதனால் திரையில் உள்ள 10-ஐத் "தொகையில் 10 சதவீதம்" ஆக மாற்றிவைக்க முடிகிறது. பொத்தானுக்குப் பொத்தான் கணக்கு முடிந்துகொண்டே வருவதால் சதவீதம் எதில் என்று சந்தேகமே எழாது. சேர்ந்த தொகையில்தான்.

இப்போது போனில் நாம் முழுக் கோவையையும் எழுதிவிட்டு கடைசியில் = அழுத்துகிறோம். பழக்கம் அங்கிருந்து வந்துவிட்டது, அதைத் தாங்கிய இயந்திரம் வரவில்லை. அதனால் கோவையை மதிப்பிடும் புரோகிராம் எழுதுபவர், சதவீதம் எதில் என்பதைத் தானே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு வேறுபாடு பாருங்கள். 100 + 50 × 10 %. பழைய மெஷின் வந்த வரிசையில் போகும்: 150, அதில் 10 சதவீதம், 15. கோவை படிக்கும் புரோகிராம் பெருக்கலை முதலில் செய்யும்: 5, அதோடு 100, ஆக 105. இரண்டும் அதனதன் விதிப்படி சரி.

அக்டோபர் 6

என் பில் புரோகிராமில் எப்படி எழுதினேன் என்று கேட்டவருக்கு. (விலைக் கட்டத்திலேயே 1200 − 5% + 40 என்று அடிக்க ஒரு வசதி. பட்டுக்கடை, அரிசி ஆலை, பெயிண்டுக்கடை என்று நம் பக்கத்தில் சிலர் பயன்படுத்துகிறார்கள்.)

அடிப்படை, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961-இல் எழுதிய ஷண்டிங் யார்டு முறை. கோவையைக் கணக்கிட வேண்டிய வரிசைக்கு மாற்றி அடுக்குவது அதன் வேலை. எண்கள் நேராக வெளிவரிசைக்குப் போகும். செயற்குறிகள் ஸ்டாக்கில் (கடைசியாக வந்தது முதலில் வெளியேறும் அடுக்கில்) ஒதுங்கி நின்று, முறை வந்ததும் வெளியே வரும். மயிலாடுதுறை ஜங்ஷனில் பெட்டி கழற்றி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

% எண்ணுக்குப் பின்னால் வரும் குறி. அதனால் ஸ்டாக்கில் ஒதுங்க வேண்டியதில்லை, வந்த உடனே வெளிவரிசைக்குப் போய்விடும். வம்பு ஆரம்பிப்பது அங்கேதான். மதிப்பிடும்போது 10-ஐயும் % குறியையும் பார்த்த மாத்திரத்தில் 0.1 ஆக்கிவிட்டால், அடுத்து வரும் கூட்டல் குறிக்கு அது ஒரு காலத்தில் சதவீதமாக இருந்தது என்பதே தெரியாது. அதன் கையில் 100-உம் 0.1-உம் மட்டும் இருக்கும். எக்செல் விடைதான் வரும்.

ஆகவே % குறியைப் பார்த்ததும் வகுக்கக் கூடாது. எண்ணை 10 என்றே வைத்து, பக்கத்தில் "சதவீதம்" என்று ஓர் அடையாளம் மட்டும் குத்த வேண்டும். எப்போது என்ன செய்வது என்பதைத் தன்னை எடுத்துக்கொள்ளும் செயல் முடிவுசெய்யும்.

கூட்டு(இடம், வலம்): வலத்தில் அடையாளம் இருந்தால் இடம் + இடம் × வலம் ÷ 100
கழி(இடம், வலம்): அதேபோல்
பெருக்கு, வகு: அடையாளம் உள்ளதை நூறால் வகுத்துவிட்டு வழக்கம்போல்

கோவையைக் கிளை கிளையாகப் பிரித்து மரமாகக் கட்டிப் படிப்பவர்கள், கணினி அறிஞர் பிராட் 1973-இல் காட்டிய முறையில் எழுதுபவர்கள், இதையே மரத்தின் கணுவில் செய்யலாம். வேறுபாடு ஒன்றும் இல்லை.

இதன் விளைவுகள் சில. 10% + 100 என்றால் 100.1, ஏனென்றால் அடையாளம் இடப்பக்கம் இருக்கிறது, அதற்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கூட்டலில் இடம் வலம் மாற்றினால் விடை மாறாது என்று ஐந்தாம் வகுப்பில் படித்தவர்கள் கோபிக்கலாம். 100 + 50 + 10% என்றால் 165. வண்டிக்கூலி நூறு, சாமான் ஐம்பது, சாமானுக்கு மட்டும் பத்து சதவீதம் என்று நினைத்தவருக்கு 155 வேண்டும். அவர் 50 + 10% + 100 என்று எழுத வேண்டியதுதான்.

அடைப்புக்குறி போட்டால் அடையாளத்தைக் கழற்றிவிடுகிறேன். 100 + (10%) = 100.1. வெறும் எண்ணாக வேண்டும் என்பவருக்கு ஒரு வழி.

அக்டோபர் 7

நேற்றைய அடைப்புக்குறி விதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மன்னார்குடிப் பெயிண்டுக்கடை நண்பர் போட்ட கணக்கைப் பாருங்கள்.

1000 + 9% + 9%

பெயிண்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. உள்மாநில பில் என்பதால் மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9. பில் தொகை 1180. என் விதி தருவதோ 1188.10. முதல் 9 சதவீதம் சேர்ந்து 1090 ஆனதும் இரண்டாவது 9 அந்த 1090-இன் மேல் விழுகிறது. வரிக்கு வரி. பட்டுச்சேலையில் 2.5 + 2.5. பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்கு 10,500 போடுவதற்குப் பதில் 10,506.25.

அப்படியானால் இரண்டு சதவீதத்தையும் முதல் தொகையிலேயே போடும்படி விதியை மாற்றலாமா? கூடாது. 1000 − 20% − 10% எழுதுபவர் யார்? ஆடித் தள்ளுபடி இருபது போக, மிச்சத்தில் இன்னொரு பத்து கொடுக்கும் துணிக்கடைக்காரர். அவருக்கு 720 வர வேண்டும், 700 வந்தால் கல்லாவில் இருபது ரூபாய் ஓட்டை. எழுத்தில் இரண்டும் ஒரே உருவம். ஒன்று மேலே மேலே ஏற வேண்டும், இன்னொன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். குறியைப் பார்த்து, கூட்டல் என்றால் வரி, கழித்தல் என்றால் தள்ளுபடி என்று வைக்கலாம் என்று திருவையாற்று நண்பர் சொல்கிறார். வட்டிக்கு வட்டியும் கூட்டல்தானே ஐயா.

ஒரே வழிதான் தெரிகிறது. வரிக்காரர் 1000 + (9% + 9%) என்று எழுதட்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். இருபக்கமும் அடையாளம் இருந்தால் சும்மா கூட்டி அடையாளத்தோடு திருப்பு: 9% + 9% = 18%. அடைப்புக்குறி அடையாளத்தைக் கழற்றக் கூடாது. ஆக நேற்றைய விதி போகிறது. அதனால் 100 + (10%) இனி 110.

நல்ல பக்கவிளைவு: 10% + 10% தனியாக அடித்தால் 20% வருகிறது. முந்தைய விதியில் "0.1, அதில் 10 சதவீதம் சேர்த்து 0.11" என்று வந்துகொண்டிருந்தது. அதை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அக்டோபர் 7, இரவு

"அடைப்புக்குறி போடத் தெரிந்த கடைக்காரர் எத்தனை பேர்?" என்று பாத்திரக்கடை ஐயா. நியாயம். கல்லாவில் நிற்பவர் கூட்டத்தில் அடைப்புக்குறி தேட மாட்டார். அதனால் விடைக்கு மேலே சின்ன எழுத்தில் பிரித்துக் காட்டுகிறேன்:

1000 + 90 + 98.10 = 1188.10

இரண்டாவது வரி முதலாவதைவிட எட்டு ரூபாய் பத்துப் பைசா கூடுதல் என்பது பில் போடுபவர் கண்ணில் படும். விதியை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் யாராவது ஒருவருக்கு அது தப்பாகத்தான் இருக்கும். எந்தத் தொகையில் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் அவர் திருத்திக்கொள்வார். இந்த வரியை முதல் நாளே போட்டிருந்தால் விதியைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 9

இன்று நகை அடகுப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு.

10000 + 2% × 12

நம்மூர்ப் பேச்சில் இரண்டு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு. பத்தாயிரத்துக்கு ஒரு வருடம் கழித்து எவ்வளவு? தனிவட்டியில் 12,400. புரோகிராம் சொன்னது 10,000.24. பெருக்கல் முந்துகிறது: 2% × 12 = 0.24. பெருக்கல் அடையாளத்தைக் கழற்றிவிட்டதால் கூட்டலுக்கு வந்து சேர்ந்தது வெறும் 0.24.

பெருக்கினாலும் அடையாளம் நிலைக்கட்டும், 2% × 12 = 24% ஆகட்டும் என்றால் 12,400 வந்துவிடும். உடனே மாற்றப் போனேன். அப்புறம் இன்னொரு கோவை ஞாபகம் வந்தது: 1000 + 10% × 500. எழுதுபவர் நினைப்பது, ஐந்நூறில் பத்து சதவீதம் ஐம்பது, மொத்தம் 1050. அடையாளம் நிலைத்தால் 10% × 500 = 5000%, ஆயிரத்தில் அது ஐம்பதாயிரம், விடை 51,000. பழைய விதியில் சரியாக 1050 வந்துகொண்டிருந்தது.

12 என்பது மாதம், 500 என்பது ரூபாய். மனிதருக்குத் தெரியும். புரோகிராமுக்கு இரண்டும் எண். நூறுக்குக் குறைந்தால் தடவை, கூடினால் தொகை என்று வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நன்றாக இருக்கிறது, வட்டிக் கணக்கு நூறு மாதத்தைத் தாண்டாதவரை. நம் பக்கத்துக் கடன்கள் தாண்டும்.

இந்த இடத்தில் ஊகம் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன். கூட்டல் அல்லது கழித்தலின் வலப்பக்கத்தில், பெருக்கலுக்குள் ஒரு சதவீதம் இருந்தால் பழைய விதிப்படி கணக்கிட்டுவிட்டு, பிரித்த வரியை மஞ்சளில் காட்டும். 10000 + 0.24 என்று மஞ்சளில் பார்த்தபின்னும் நாலணாகூடத் தேறாத வட்டியில் கடன் கொடுப்பவர் இருந்தால் அவர் முகவரி எனக்கு வேண்டும்.

வட்டிக்காரர் 10000 + 10000 × 2% × 12 என்று முழுதாக எழுதலாம். அல்லது 24% என்று தலைக்கணக்காகப் போட்டுவிடலாம்.

அக்டோபர் 10

புரோகிராம் எழுதும்போது % வேறு வேலை செய்கிறதே என்று கேட்ட தம்பிக்குச் சுருக்கமாக. ஆம், சி, பைதான் ஆகிய புரோகிராம் மொழிகளில் % மீதி காணும் குறி. 10 % 3 என்றால் 1. பைதானில் 100 + 10% என்று நிறுத்தினால் இலக்கணப் பிழை, ஏனென்றால் அது வலப்பக்கம் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே குறியை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு, பின்னால் எண் வந்தால் மீதி, வராவிட்டால் சதவீதம் என்று எட்டிப்பார்த்து முடிவுசெய்யலாம்தான். 10 % −3 வரும்வரை. அது மூன்று குறைவான பத்து சதவீதமா, கழித்தல் மூன்றால் வகுத்த மீதியா? கடையில் மீதி என்றால் சில்லறை. பில் புரோகிராமில் அந்தக் குறி சதவீதத்துக்கு மட்டும்.

அக்டோபர் 12

மழை. குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நனைகிறது. இதற்கு நடுவில் ஒரத்தநாட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறார். இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த கணக்கு இதுதான், புரோகிராமில் மாற்ற ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஈரப்பதம் 22 சதவீதம். வழக்கமான வரம்பு 17. (மழை பெய்தால் வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்பதும் மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் நமக்குப் பழகிப்போனது.) காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 40 கிலோ மூட்டை எவ்வளவு நிற்கும்? அவர் போட்டது 40 − (22% − 17%). என் புதிய விதிப்படி அடைப்புக்குள் 5%, விடை 38 கிலோ. காயவைத்து நிறுத்தால் அதைவிடக் குறைகிறது. புரோகிராமில் பிழை என்கிறார்.

பிழை இல்லை. 22 சதவீதம் என்பது ஈர மூட்டையின் எடையில். 17 சதவீதம் என்பது காய்ந்த மூட்டையின் எடையில். இரண்டும் வேறு தொகையில் எடுத்தவை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாது. மாறாமல் இருப்பது தண்ணீர் போக உள்ள பொருள். ஈரமாக இருக்கும்போது அது 78 சதவீதம், காய்ந்தபின் 83 சதவீதம். ஆக 40 × 78 ÷ 83 = 37.59 கிலோ. மூட்டைக்கு இரண்டு கிலோ குறையும் என்று நினைத்தவருக்கு 2.41 கிலோ குறைகிறது. சதவீதத்தில் சொன்னால் ஐந்து இல்லை, ஆறுக்குக் கொஞ்சம் மேலே. களத்தில் சிந்தியதும் பறவை தின்றதும் தனி.

மற்ற கணக்குகளிலெல்லாம் எதில் சதவீதம் என்பதை எழுதின வரிசையிலிருந்து ஊகிக்க முடிந்தது. இதில் அந்தத் தகவல் கோவைக்குள்ளேயே இல்லை. பார்சர் (கோவையைப் படித்துப் பிரிக்கும் புரோகிராம்) எழுதுபவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இங்கே கையை விரிக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 12, கொஞ்சம் கழித்து

மேட்டூர் 60 அடி இருந்தால் 50 சதவீதம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், நெல் பேச்சு வந்தாலே அணையும் வந்துவிடும். முழு நீர்மட்டம் 120 அடி, அதனால் உயரத்தில் பாதி என்பது சரி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடியில் அதில் பாதி இருக்காது, நிறையக் கீழே இருக்கும். அணை மேலே போகப் போக அகலும். உயரத்தின் சதவீதத்தை நம்பி நாற்றங்கால் விடாதீர்கள்.

அக்டோபர் 13

எங்கள் தாத்தா காலத்தில் சதவீதம் இல்லாமலே ஓடியது என்கிறார் ஒரு பெரியவர். ஓடியிருக்கும். நில அளவில் வேலிக்கு இருபது மா. கீழ்வாய் இலக்கம் என்ற பழைய பின்னக் கணக்கிலும் மா என்றால் இருபதில் ஒன்று. ஒரு வேலிக்காரர் ஒரு மா விற்றால் 5 சதவீத நிலம் போயிற்று. நூறு குழி என்று தனி அளவாகவும் அதைச் சொல்லிவிடலாம் என்பதால், எதில் மா என்று பத்திரம் எழுதும்போது யாரும் சண்டை போட வேண்டியதில்லை. எக்செல்காரர்களின் 0.1 மாதிரி அல்ல அது, கையில் பிடிக்கிற மாதிரியான ஒன்று. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் 15

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அடிக்கடி வருகிற கேள்வி. வரியோடு சேர்த்து 1180 வாங்கியாயிற்று. வரி போக எவ்வளவு? எல்லோரும் அடிப்பது 1180 − 18%. வருவது 967.60. வேண்டியது 1000.

கழித்தல் விதி இடப்பக்கத் தொகையில் எடுக்கிறது. 1180-இல் 18 சதவீதம் 212.40. ஆனால் வரி போட்டது 1000-இல். திரும்பி வருவதற்குக் கழித்தல் உதவாது, வகுக்க வேண்டும்: 1180 ÷ 118%. இது எல்லா விதியிலும் சரியாக வரும், எக்செல் உள்பட. ஏனென்றால் வகுத்தலில் சதவீதம் வெறும் எண்.

கழித்தலை மாற்றி, வரி கழிக்கும்போது வகுக்கச் சொல்லலாமா? தள்ளுபடிக்காரர் விடமாட்டார். மேசைக் கால்குலேட்டர்களில் வரிக்கு என்று கூட்ட ஒன்று, கழிக்க ஒன்று தனிப் பொத்தான் இருப்பது இதனால்தான். அதைப் பின்பற்றி நானும் "வரி நீக்கு" என்று தனிப் பொத்தான் வைத்துவிட்டேன். அழுத்தினால் கோவையில் ÷ 118% என்று தானே எழுதிவைக்கும். உள்ளே ஒளித்து எதுவும் செய்யாது, கடைக்காரர் பார்த்தே கற்றுக்கொள்வார். கற்றும் கொள்கிறார்கள். திருபுவனத்துப் பட்டுக்கடை ஒன்றில் பில் போடும் பெண் பொத்தானை விட்டுவிட்டு ÷ 105% என்று கையாலேயே அடிக்கிறார்.

அக்டோபர் 17

தம்பி ஒரு நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். பைதானில் 100 × 1.1 போட்டால் 110.00000000000001 வருகிறது என்கிறார்.

கணினி எண்களை வைத்துக்கொள்ளும் பைனரியில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) 0.1 முடியாத பின்னம். நூறால் வகுத்து வைத்துக்கொள்ளும் முறையில் பெரும்பாலான சதவீதங்கள் கொஞ்சம் பிசகிய எண்ணாகத்தான் உள்ளே இருக்கும். 0.29 × 100 போட்டால் 28.999999999999996. இதை முழு எண்ணாக்கும்போது பின்னத்தை வெட்டி எறியும் மொழியில் 28 ஆகிவிடும். சதவீதத்தை அவசரப்பட்டு 0.1 ஆக்காமல் 10 என்றே வைத்திருப்பதில் இந்த லாபமும் உண்டு: முதலில் பெருக்கு, கடைசியில் நூறால் வகு. 100 × 10 ÷ 100 துல்லியமாக 10.

பணத்தை நான் பைசாவில், முழு எண்ணாக வைத்திருக்கிறேன். 99.50 என்றால் 9950. அதில் 18 சதவீதம்: 9950 × 18 = 179100, நூறால் வகுத்தால் 1791 பைசா, அதாவது 17.91. ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகம் 9 + 9 என்று பிரிக்கும்போது வருகிறது. 99.50-இல் 9 சதவீதம் 8.955. பைசாவுக்கு ரவுண்டு செய்தால் 8.96. இரண்டு தடவை, 17.92. சேர்த்துப் போட்டால் 17.91, பிரித்துப் போட்டால் 17.92. மன்னார்குடி நண்பரின் பில்லில் தினமும் இந்த ஒரு பைசா எங்கிருந்தோ முளைத்துக்கொண்டிருந்ததாம், அவருடைய ஆடிட்டர் அதற்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறார்.

1000 + (9% + 9%) முறை இங்கேயும் உதவுகிறது. அடைப்புக்குள் முதலில் 18% ஆகிவிடுவதால் ரவுண்டு ஒரே தடவை. ஆனால் பில்லில் இரண்டு வரியாக அச்சிட வேண்டும், 17.91-ஐ இரண்டாகப் பிரித்தால் 8.955 திரும்ப வந்து நிற்கும். இதற்கு மதிப்பிடும் புரோகிராமில் தீர்வு இல்லை. பில் அச்சிடும் பகுதி இரண்டு வரியையும் தனித்தனியே ரவுண்டு செய்து, மொத்தத்தை அந்த இரண்டிலிருந்து கூட்டி எடுக்க வேண்டும். திரையில் 17.91, தாளில் 17.92. தாள்தான் கணக்கு.

அக்டோபர் 18

இப்போது இருக்கிற நிலை, புதிதாக வந்தவர்களுக்காக: வலப்பக்கச் சதவீதம் இடப்பக்கத் தொகையில். சதவீதமும் சதவீதமும் சேர்ந்தால் சதவீதம். அடைப்புக்குறி எதையும் கழற்றாது. பெருக்கல், வகுத்தலில் வெறும் எண். சந்தேகமான இடம் மஞ்சள்.

100 + −10% என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: 90. முன்னால் வரும் கழித்தல் குறி அடையாளத்தைத் தொடாது, மதிப்பை மட்டும் திருப்பும்.

விடை சதவீதமாகவே வந்தால், உதாரணமாக 9% + 9%, திரையில் 18% என்று காட்டுகிறேன், 0.18 என்று அல்ல. அதை நினைவில் போட்டு அடுத்த கோவையில் எடுத்தாலும் அடையாளத்தோடு வரும். பாத்திரக்கடை ஐயா இதற்கு எதிர்ப்பு. நினைவில் இருப்பது ரூபாயா சதவீதமா என்று அவசரத்தில் குழம்பும் என்கிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் கும்பகோணத்தில் இரண்டு மூன்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாற்றுகிறேன். அதுவரை நினைவுப் பொத்தானில் சதவீதத்தைப் போடாதீர்கள்.